நடுவில் ஒரு வருடம்

அமெரிக்காவில் உயிர்மருத்துவ அறிவியலில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையிடம் முதலில் பார்ப்பது மார்க்கை அல்ல. எந்த லேபில் வேலை பார்த்தாய், உனக்காக எந்தப் பேராசிரியர் கடிதம் எழுதுவார் என்பதைத்தான். படித்த வீட்டுப் பிள்ளைக்கு இது காலேஜ் சேரும்போதே தெரியும். கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதே கோடையில் கடை கவுண்டரில் நின்றால்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் என்றிருக்கும் பிள்ளைக்கு, இப்படி ஒரு விதி இருப்பதே பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. பிஎச்டியில் சேர்ந்துவிட்டால் உதவித்தொகை உண்டு. வாசல் வரை போகத்தான் காசு இல்லை.

1970களின் பிற்பாதியில் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்? ஆர்வமில்லை, வீட்டில் ஆதரவில்லை, பள்ளிக்கூடம் சரியில்லை என்று சக ஆசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து பார்த்தார். சீன மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் கணக்கை ஒருத்தர் திருத்திப் படித்தார்கள். கறுப்பின மாணவர்கள் மாங்குமாங்கென்று படித்தார்கள், ஆனால் தனியாக. அவ்வளவுதான் வித்தியாசம். சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் யாரும் அவர்கள் அறைக்குப் போய்ப் பார்த்திருக்கவில்லை.

கூடிப் படிப்பதையே திட்டத்தின் முதுகெலும்பாக்கியவர் ஃப்ரீமன் ராபோவ்ஸ்கி. 1963இல் பர்மிங்ஹாமில் நடந்த சிறுவர் ஊர்வலத்தில், 12 வயதில், ஐந்து நாள் சிறையில் இருந்தவர். கணிதம் படித்தவர். 1988இல் பால்டிமோர் பக்கத்து மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகியாக இருந்தபோது, ராபர்ட் மேயர்ஹாஃப் என்ற கொடையாளரின் பணத்தில் ஒரு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் வந்த முதல் பேட்ச்சில் 19 பேர், எல்லாருமே கறுப்பின ஆண்கள். 1990இல் பெண்களும் வந்தார்கள். கல்லூரி திறக்கும் முன்பே ஆறு வாரம் ஒன்றாகத் தங்கிப் படிக்க வேண்டும். சி கிரேடு வந்தால் பாஸ்தானே என்று விடமாட்டார்கள், அதே பாடத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். நம்மூர் ஹாஸ்டல் வார்டன்கள் நினைவுக்கு வரலாம். ஒரு வித்தியாசம், இங்கே பயமுறுத்தல் இல்லை. ‘நீ டாக்டரேட் வாங்கப்போகிறவன்’ என்று முதல் நாளிலிருந்தே பேசினார்கள்.

தேசிய சுகாதார நிறுவனங்கள் என்கிற என்.ஐ.எச். 2000இல் கொண்டுவந்த ‘ப்ரெப்’ திட்டம் இன்னும் நேரடியானது. பட்டம் முடித்தவர்களுக்கு ஒன்றிரண்டு வருடம் சம்பளம். முக்கால்வாசி நேரம் லேபில், மிச்ச நேரம் பாடம், ஜிஆர்இ, விண்ணப்பக் கட்டுரை, நேர்காணல் பயிற்சி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா காசில் கிடைக்கிற அவகாசத்தை அரசாங்கம் காசு கொடுத்து வாங்கித் தந்தது. என் பார்வையில் இந்தத் திட்டங்களிலேயே மிக நேர்மையானது இதுதான். பிள்ளையிடம் குறை என்று சொல்லவில்லை, காலம் போதவில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டது.

பலன் இல்லாமல் இல்லை. மாடர்னா கொரோனா தடுப்பூசியின் பின்னாலிருந்த என்.ஐ.எச். குழுவில் முக்கியமானவரான கிஸ்மேகியா கார்பெட், 2008இல் மேயர்ஹாஃப் திட்டத்திலிருந்து வெளியே வந்தவர். ஆனால் வாசலைத் தாண்டினால் போதுமா? 2011இல் வெளியான ஒரு ஆய்வு, படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின விஞ்ஞானிகளுக்கு என்.ஐ.எச். ஆய்வுநிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று காட்டியது. பிள்ளைகளைத் தயார்படுத்திய அதே நிறுவனம், தன்னைத் தயார்படுத்திக்கொள்ளவில்லை.

நீதிமன்றமும் ஒருபக்கம் வந்துகொண்டே இருந்தது. 1994இல் மேரிலாந்தின் வேறொரு வளாகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு மட்டுமான உதவித்தொகை செல்லாது என்று தீர்ப்பு. மேயர்ஹாஃப் 1996இல் எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்தது, திட்டம் பிழைத்துக்கொண்டது. 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2025இல் ப்ரெப் உள்ளிட்ட திட்டங்களுக்கான நிதி அறிவிப்புகளை என்.ஐ.எச். முன்கூட்டியே முடித்துக்கொண்டது.

ஜிஆர்இயைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. லேப் அனுபவத்தையும் கடிதங்களையும் இன்னும் கேட்கிறார்கள்.