இலங்கையின் இயற்கை மீளுருவாக்கக் காடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் காட்டுப்பரப்பு 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து சுருங்கி வந்துள்ளது என்பது பொதுவாக நிலவும் கருத்து. அச்சுருக்கத்தின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படும் காட்டின் பெரும்பகுதி, கைவிடப்பட்ட வயல்களிலும் குளங்களிலும் மீண்டும் முளைத்ததே என்பதையும், அம்மீள்வளர்ச்சி நில உரிமையைத் தீர்மானிக்கும் சான்றாக ஆனதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இலங்கை, உலர் வலயம், சேனை, முடிக்குரிய காணி, மீள்குடியேற்றம்

முன்னுரை

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, 0.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களின் கவிகை 10 விழுக்காட்டைக் கடந்தால் அதனைக் காடு என வரையறுக்கிறது. அதன் 2020ஆம் ஆண்டு உலகக் காட்டுவள மதிப்பீடு, காடுகளை நடப்பட்டவை என்றும் இயற்கையாக மீளுருவாகுபவை என்றும் பகுத்தது. மனிதச் செயற்பாட்டின் தடயம் புலப்படாத முதன்மைக் காடும், கைவிடப்பட்ட சேனையில் தானே முளைத்த காடும் இரண்டாம் பிரிவிலேயே அடங்கும். மரம் எவ்வாறு முளைத்தது என்பதே இப்பகுப்பின் அளவுகோல். அந்நிலம் முன்னர் எவ்வாறு இருந்தது என்பது அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. இலங்கையின் காட்டு வரலாற்றில் முதன்மையான வினா அதுவே.

உலர் வலயமும் மீண்டெழுந்த காடும்

தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயமாகும். அநுராதபுரம், பொலன்னறுவை அரசுகளின் காலத்தில் இப்பகுதி குளங்களாலும் கால்வாய்களாலும் பாசனம் பெற்ற நெல்வயல்களைக் கொண்டிருந்தது. 1215இல் நிகழ்ந்த மாகனின் படையெடுப்பை அடுத்த காலத்தில் அரசதிகார மையங்கள் தென்மேற்கு நோக்கி நகர்ந்தன. பெருங்குளங்களைப் பேணும் நிருவாகம் சிதைந்தது. பிற்காலத்தில் மலேரியாவும் மக்கள் மீண்டும் பரவுவதைத் தடுத்தது. குளக்கட்டுகளின் மீதும் வயல்வெளிகளிலும் பாலை, வீரை, முதிரை முதலிய மரங்கள் எழுந்தன. வன்னியிலும் வடமத்திய பகுதியிலும் மக்கள் முற்றாக அற்றுப்போகவில்லை. சிறு குளங்களைச் சார்ந்த ஊர்கள் நிலைத்தன, சேனைப் பயிர்ச்செய்கையும் தொடர்ந்தது. காட்டைவெட்டி எரித்து ஓரிரு பருவம் பயிரிட்டபின் பல ஆண்டுகள் தரிசாக விடுவது சேனையின் முறை. ஆதலால் அங்குக் காடு என்பது பயிர்ச்செய்கைச் சுழற்சியின் ஒரு கட்டமாகவும் இருந்தது.

1881இல் தீவின் 84 விழுக்காடு காடாக இருந்தது என்ற மதிப்பீடு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அக்காட்டின் பெரும்பகுதி இவ்வாறு சில நூற்றாண்டுகளில் மீண்டெழுந்த காடாகும். எனவே அம்மதிப்பீட்டைத் தொல்காட்டின் அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

1840ஆம் ஆண்டுச் சட்டமும் மலைநாடும்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவை மறுப்புச் சான்று காட்டப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. சேனைத் தரிசு இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது. பயிர் நின்ற நிலத்திற்கு உரிமை கோரலாம். அதே நிலத்தில் ஓய்வுக் காலத்தில் காடு எழுந்துவிட்டால், உரிமையை மெய்ப்பிக்கும் சுமை குடியானவரைச் சார்ந்தது. மரம் வளர்ந்த நிலம் ஆளில்லா நிலம் என்ற ஊகம் இவ்வாறு சட்டமாயிற்று.

இச்சட்டத்தால் அரசின் கைக்கு வந்த மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. அவற்றை வெட்டித் தோட்டமாக்கும் உழைப்பில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பங்கு வகித்தனர். 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணவேண்டும் என 1873இல் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் அறிவுறுத்தினார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோதும் காடு திரும்பவில்லை. அந்நிலங்களைத் தேயிலை பற்றிக்கொண்டது. அரசு வீழ்ந்தபின் உலர் வலய வயல்களுக்குக் கிடைத்த நீண்ட ஓய்வு, மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கிடைக்கவில்லை.

அளவைகளும் அவற்றின் எல்லையும்

1956இல் காட்டுப்பரப்பு ஏறத்தாழ 44 விழுக்காடு. கல்லோயா, மகாவலி குடியேற்றத் திட்டங்கள் உலர் வலயத்தில் மீண்டும் வயலை விரித்தன. 1992இல் அடர்காடு மட்டும் ஏறத்தாழ 24 விழுக்காடாக அளக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுக்குரிய 29.7 விழுக்காடு ஐதான காட்டையும் உள்ளடக்கியது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துக் காடு பெருகியது என முடிவு செய்வது பிழையாகும்.

போரும் மீள்வளர்ச்சியும்

போர்க்காலத்தில் வடக்கின் பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியும் வெறுமையுற்றது. வீட்டு நிலங்களிலும் வயல்களிலும் பற்றை மூடிக் காடு வளர்ந்தது. 2012இல் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி சார்ந்த பகுதி ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. திரும்பியோர் அதனைத் தம் பூர்வீக நிலம் என்றனர். சூழலியலாளர் வில்பத்து தேசியப் பூங்காவை ஒட்டிய காடு என்றனர். மீள்குடியேற்றத்திற்காகக் காடு அழிக்கப்பட்டது சட்டத்துக்குப் புறம்பானது என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடவும் பணித்தது. வன்னியின் பிற பகுதிகளில் மீள்குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் தம் வயல் நிலங்கள் தொடர்பில் வனத் திணைக்களத்தோடு இத்தகைய பிணக்குகளை எதிர்கொண்டன.

முடிவுரை

மீண்டெழுந்த காடு மெய்யான காடே. யானைக்கும் நீருக்கும் அதன் பயன் குறைந்ததன்று. ஆயினும் அது வளர்ந்த காலத்தின் அளவையே காட்டும். நிலத்தைவிட்டு மக்கள் விரும்பிச் சென்றனரா, துரத்தப்பட்டனரா என்பதை அது காட்டாது. 1840இலும் 2012இலும் காட்டின் இருப்பே அரசின் உரிமைக்கு அடிப்படையாக அமைந்தது. காட்டுப்பரப்பின் நீண்டகால மாற்றத்தை ஆராய்வோர் மரக்கவிகையின் அளவோடு அந்நிலத்தின் குடியிருப்பு வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கினால்தான் காக்கவேண்டிய காட்டையும் திரும்பக் கொடுக்கவேண்டிய ஊரையும் வேறுபடுத்தி அறிய இயலும்.