வீட்டோடு பேச வருடத்தில் இரண்டு நாள்



வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டையோடு இருவர் இருவராகப் போகும் மார்மன் இளைஞர்களை வெளிநாட்டில் இருக்கும் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை அது. 1839-இல் பிரிகாம் யங் ஊழியத்துக்காக இங்கிலாந்து கிளம்பியபோது அவருக்கே கடும் காய்ச்சல். மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான். அந்தக் கதையைக் கேட்டு வளரும் பையன் 'எனக்கு முடியவில்லை' என்று எப்படி வாய் திறப்பான்?

பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது. துணையை விட்டுத் தனியே போகக் கூடாது. 2019 தொடக்கம் வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்தில் இரண்டு நாள்தான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடிந்தது.

மேலதிகாரி யார் தெரியுமா? சில மாதம் முன்னால் வந்த இன்னொரு பையன்! எல்லோருக்கும் மேலே மிஷன் தலைவர். எத்தனை பேருக்குப் போதித்தாய், எத்தனை ஞானஸ்நானம் என்று வாரக் கணக்கு மேலே போகும். தேர்ச்சி விழுக்காடு கேட்கும் சுற்றறிக்கைகளோடு காலம் தள்ளியவன் நான். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியும். 1960 வாக்கில் பிரிட்டனில் அப்படித்தான் முடிந்தது. பேஸ்பால் விளையாட வந்த சிறுவர்களுக்கு, அணியில் சேர்ப்பதுபோல ஞானஸ்நானம் கொடுத்துக் கணக்கில் ஏற்றினார்கள். பலர் பிறகு ஆலயப் பக்கமே வரவில்லை. பெயர்களை நீக்க வேண்டியதாயிற்று.

பாதியில் வீடு திரும்பும் பிள்ளையின் பாடுதான் பெரிது. உடம்பு முடியாமல் வந்தாலும் ஊர் வேறு காரணம் தேடும்.

2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள்.