கிராம்ப்ளிங்கின் எடி ராபின்சன்: இனப்பிரிவினைக் காலத்தில் வளர்ந்த ஒரு கால்பந்துப் பள்ளி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து வடபகுதியில் கிராம்ப்ளிங் என்றொரு சிற்றூர். 1941இல் அங்கிருந்த கறுப்பினத்தவர் கல்லூரியின் பெயர் ஊரைவிடப் பெரியது: லூசியானா நீக்ரோ ஆசிரியப் பயிற்சி, தொழிற்கல்வி நிலையம். அந்த ஆண்டு அதன் தலைவர் ரால்ஃப் ஜோன்ஸ், 22 வயது இளைஞர் ஒருவரை மாதம் 63 டாலர் 75 சென்ட் சம்பளத்தில் கால்பந்துப் பயிற்சியாளராக அமர்த்தினார். பேட்டன் ரூஜ் நகரத் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த எடி ராபின்சனுக்கு அது பெரிய ஏற்றம்தான்.

இங்கே கால்பந்து என்பது நாம் உதைத்து ஆடும் ஆட்டமல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரியை உடம்பால் மோதி மறித்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டம், நம்மூரில் கிரிக்கெட்டுக்குக் கூடும் கூட்டத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. தொழில்முறை அணிகள் ஆளெடுப்பதும் கல்லூரிகளிலிருந்துதான்.

ராபின்சன் 1919 பிப்ரவரி 13இல் லூசியானாவின் ஜாக்சன் ஊரில் பிறந்தவர். தந்தை விளைச்சலில் பங்குக்குப் பருத்தி பயிரிட்டவர். தாய் வீட்டு வேலைக்குப் போனவர். லீலண்ட் கல்லூரியில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியபோது அவருக்குப் பயிற்சி தந்தவர் ரூபன் டர்னர் என்ற பாப்டிஸ்ட் போதகர். ஆட்டத்தைக் காகிதத்தில் வரைந்து படிக்கலாம் என்பதை ராபின்சன் அவரிடம்தான் தெரிந்துகொண்டார்.

கிராம்ப்ளிங்கில் எல்லா வேலையும் பயிற்சியாளர் தலையில்தான். ராபின்சனே மைதானத்துப் புல்லை வெட்டினார், சுண்ணாம்புக் கோடு போட்டார், ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுக் கட்டினார். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றிய செய்தியைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியதும் அவர்தான். வெளியூர்ப் பயணத்தில் வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பினத்தவரை உட்கார விடாது என்பதால் சாப்பாடும் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முதல் ஆண்டு 3 வெற்றி, 5 தோல்வி. மறு ஆண்டு 9 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. உலகப்போர் காரணமாக 1943, 1944இல் கல்லூரி அணி நின்றுபோக, ராபின்சன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சி தந்தார். பருத்தி எடுக்கும் பருவத்தில் மகன்களை ஆட அனுப்ப மறுத்த தகப்பன் ஒருவரின் காட்டுக்கு அணி முழுவதையும் கூட்டிப்போய்ப் பருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டு, பையன்களை அழைத்துவந்தார் என்று சொல்வார்கள்.

போருக்குப் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1946இல்தான் கறுப்பினத்தவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் கறுப்பினக் கல்லூரிகளின் பக்கம் அதன் ஆட்கள் எட்டிப் பார்க்கவில்லை. 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ராபின்சனின் மாணவர் பால் ‘டேங்க்’ யங்கரை எடுத்தது. அத்தகைய கல்லூரியிலிருந்து அந்த லீகுக்குப் போன முதல் ஆள் அவர். யங்கர் தோற்றிருந்தால் அந்தக் கதவு எத்தனை ஆண்டு மூடிக்கிடந்திருக்குமோ! அவர் தோற்கவில்லை. பின்னாலேயே வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் என்று வரிசையாகப் போனார்கள். 1963இல் என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியான ஏ.எஃப்.எல். லீகின் ஆளெடுப்பில் முதல் ஆளாகத் தேர்வானவர் கிராம்ப்ளிங்கின் பக் பியூகேனன். ராபின்சன் காலத்தில் அந்தச் சிற்றூரிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள் 200க்கும் மேல்.

இதில் கோலி நிக்கல்சன் என்பவரின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. போரில் கடற்படைக் காலாட்படையின் செய்தியாளராக இருந்துவிட்டு வந்து, கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலரானவர். நாடெங்கும் உள்ள கறுப்பினப் பத்திரிகைகளுக்கு அவர் எழுதிக் குவித்தார். 1968இல் கிராம்ப்ளிங் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஆடியது. அதே ஆண்டு தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றும் வெளியானது. 1976இல் அணி டோக்கியோவுக்கே போய் ஆடிவிட்டு வந்தது. ராபின்சன் அளவுக்கு உழைத்த பயிற்சியாளர்கள் மற்றக் கறுப்பினக் கல்லூரிகளிலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நிக்கல்சன் வாய்க்கவில்லை.

ராபின்சனின் பணியில் மிக முக்கியமானது குவார்ட்டர்பேக் விவகாரம். அணியின் மூளை என்று கருதப்படும் இடம் அது. கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிய கறுப்பினத்தவரைத் தொழில்முறை அணிகள் ஓடுபவராகவோ பந்து பிடிப்பவராகவோ மாற்றிவிடும். யோசிக்கும் வேலை அவர்களுக்கு வராது என்பது வெளியே சொல்லாத நம்பிக்கை. ராபின்சன் ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற இளைஞரை அந்த இடத்துக்கென்றே தயார் செய்தார். இடம் மாற ஹாரிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளெடுப்பில் திறமைக்குப் பொருந்தாத எட்டாவது சுற்றில்தான் பஃபலோ பில்ஸ் அவரை எடுத்தது; ஆனால் 1969இல் பருவத்தின் முதல் ஆட்டத்தையே குவார்ட்டர்பேக்காகத் தொடங்கினார். அடுத்து டக் வில்லியம்ஸ். 1978இல் முதல் சுற்றிலேயே தேர்வானார். 1988 ஜனவரி 31இல் வாஷிங்டன் அணி டென்வரை 42-10 என்று வென்ற, என்.எஃப்.எல். பட்டத்தைத் தீர்மானிக்கும் சூப்பர் பவுலில் 340 கெஜம் பந்தெறிந்து, பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுன் 4 தந்து ஆட்ட நாயகனானார். அந்த இடத்தில் ஆடி சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

ராபின்சன் மீது குறை சொன்னவர்களும் உண்டு. கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்ட ஆண்டுகளில் அவர் ஊர்வலம் போகவில்லை. தேசபக்தியை உரக்கப் பேசினார். 1967இல் படிப்பைவிடக் கால்பந்துக்கே முதலிடம் தரப்படுகிறது என்று கிராம்ப்ளிங் மாணவர்களே போராடினார்கள். அந்தப் புகாரை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வில்லியம்ஸ் எறிந்த பந்தும் ஒரு வாதம்தான் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1985 அக்டோபர் 5இல் டல்லாஸில் பிரெய்ரி வியூ அணியை வென்றபோது ராபின்சனின் வெற்றிகள் 324 ஆயின. அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ‘பேர்’ பிரையன்ட் 323இல் நின்றிருந்தார். சின்னக் கல்லூரிகளை வென்று எடுத்த எண்ணிக்கைதானே என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. எதிராளிகள் பெரும்பாலும் கறுப்பினக் கல்லூரிகள் என்பது உண்மை. ஆனால் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இருந்ததா? வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடக் கூடாது என்று லூசியானா 1956இல் சட்டமே போட்டது. உச்ச நீதிமன்றம் 1959இல்தான் அது செல்லாது என்றது.

ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இதே தடை வேறு விதமாக வேலை செய்தது. தென்மாநில வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞரைச் சேர்க்காத வரை, அப்பகுதியின் சிறந்த கைகால்கள் கிராம்ப்ளிங்குக்கும் அதன் சக கல்லூரிகளுக்குமே வந்தன. 1970களின் தொடக்கத்தில் அலபாமாவும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் கதவைத் திறந்தன. முன்பு ராபின்சனிடம் வந்திருக்கக்கூடிய பையன்கள் பெரிய அரங்குகளையும் பெரிய பயிற்சிக் கூடங்களையும் நாடிப் போனார்கள். கறுப்பினத்தவர் எங்கும் ஆட முடியும் என்று காட்டியவர்கள் அவருடைய மாணவர்கள்; அதன் விலையை அவருடைய அணியே கட்டியது. சரிவு உடனே தெரியவில்லை. 1995இல் 400ஆவது வெற்றி வந்தது, ஆனால் அந்தப் பருவத்தில் தோல்வியே அதிகம். அடுத்த இரண்டு பருவங்களிலும் தலா 3 வெற்றி, 8 தோல்வி. 1996 இறுதியில் அவரை விலக்கும் முயற்சி நடந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் இன்னும் ஓராண்டு தரப்பட்டது.

1997இல் 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலையோடு ராபின்சன் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று முறை கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தை வென்று கொடுத்தார். அல்சைமர் நோயில் நினைவிழந்த ராபின்சன் 2007 ஏப்ரல் 3இல் ரஸ்டனில் காலமானார். அவர் உடல் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட இடம் பேட்டன் ரூஜில் உள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடம். 1956ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே கட்டடத்தில்தான்.