முன்னோர் வாய்மொழியில் நம் தலைவர்கள்

மலாயா மண்ணில் தமிழர் குடியேறிய வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இருவகைச் சான்றுகளை நாடுகின்றனர். கப்பலேறி வந்தோர் எத்தனை பேர், அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு என்று கூறும் அரசாங்க ஏடுகள் ஒருவகை. ஆலயமும் பள்ளியும் அமைத்த பெரியோரைப் போற்றும் கல்வெட்டுகளும் விழா மலர்களும் மற்றொரு வகை. இவ்விரண்டும் இன்றியமையாதவையே. ஆயினும், வந்தவர்கள் தம் வாயால் சொன்ன வாழ்க்கைக் கதைகளும் உடன் சேர்ந்தால்தான் நம் சமூகத்தில் தலைமை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பது முழுமையாக விளங்கும்.

ஆலயத் தொண்டு என்றதும் நினைவுக்கு வருபவர் நாராயண பிள்ளை. பினாங்கில் பணியாற்றிய அவர், 1819ஆம் ஆண்டு மே மாதம் இராபிள்சுடன் சிங்கப்பூரை அடைந்தார். செங்கற்சூளை அமைத்து, பினாங்கிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1822இல் அவரது கடை தீக்கிரையாயிற்று. கடன்பட்டு நின்றவர் மனந்தளராது மீண்டெழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பினாலும் மாரியம்மன் ஆலயம் எழுந்தது. பிறர்க்குத் தொழிலும் தெய்வத்திற்கு இடமும் தேடித் தந்தவரைச் சமூகம் தலைவராக ஏற்றது. ஆனால் அவர் வரவழைத்த தொழிலாளர் ஒவ்வொருவரும் என்ன எண்ணிக் கப்பலேறினர், யாரைப் பிரிந்து வந்தனர் என்பன கல்வெட்டில் இடம்பெறுவதில்லை.

தோட்டப்புறத் தலைமை வேறுவகை. ஊருக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்த கங்காணியே அங்கு முதல் தலைவர். திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அவரே முன்னின்றார். அதே வேளையில், தம்முடைய ஆட்கள் வேலைக்கு வரும் நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று நிர்வாகத்திடம் தலைக்காசும் பெற்றார். ஆதலின் ஒரு குடும்பத்தின் கதையில் அவர் காவலர். மற்றொரு குடும்பத்தின் கதையில் கடன்காரர். இரண்டையும் கேட்டறிவதே நேர்மையான வரலாறு.

அடுத்த தலைமுறையினர் வேறு தலைமையை நாடினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்ட நடைபெற்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகிய கோரிக்கைகளும் எழுந்தன. துரைமார் எதிரே வந்தாலும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று! நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஒரு மிதிவண்டிக்காக ஏன் இத்துணைப் போராட்டம் என்பது, அதிலிருந்து இறங்கி நின்றவர் சொல்லக் கேட்டால்தான் புரியும்.

எம் பாட்டியார், தாம் மலாயாவுக்கு வந்த ஆண்டை அறியார். பினாங்குக் கரைக்கு முன் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்ததையும், "தம்பியை அடுத்த கப்பலில் அழைத்துக்கொள்ளலாம் என்றார் கங்காணி, அதற்குள் ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்" என்பதையும் மட்டும் பலமுறை கூறுவார். கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. எனவே அவர் அதற்குச் சற்று முன்னர் வந்திருத்தல் வேண்டும். நினைவு ஆண்டை மறந்தது. ஏடு அதை எடுத்துத் தந்தது. ஆனால் தம்பியைப் பிரிந்த துயரம் எந்த ஏட்டிலும் இல்லை.

ஜப்பானியர் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்கு அவர்தம் தோட்டத்து ஆடவர் பலரைக் கொண்டு சென்றனர். அப்போது லயத்திலிருந்த ஒரு பெண்மணி வீடுதோறும் மரவள்ளிக்கிழங்கைத் திரட்டி, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் பங்கிட்டாராம். மாரியம்மன் சந்நிதி விளக்கு அணையாமலும் பார்த்துக்கொண்டாராம். போருக்குப் பின் அக்கோயிலில் வைத்த பெயர்ப்பலகையில் ஆடவர் பெயர்களே உள்ளன. அப்பெண்மணியின் பெயர் என்ன என்று பாட்டியாரிடம் யான் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்குப் பாட்டியார் இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அக்குறையே.

சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டிலேயே ஆவணக் காப்பகத்தின் கீழ் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பெற்றது. நம் ஆலயங்களும் இப்பணியை மேற்கொள்ளலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். முதியோரிடம் ஆண்டைக் கேட்பதைவிட, கப்பலையும் திருவிழாவையும் பிள்ளைப் பேற்றையும் வைத்துக் கேட்டல் நன்று. சொன்னதைச் சொன்னவாறே பதிவு செய்து, பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நமக்குப் பெருமை தராத செய்தியையும் மறைத்தல் ஆகாது. பழைய புகைப்படங்களின் பின்புறத்தில், அவற்றில் உள்ளோர் பெயரை அறிந்தவர் இருக்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும்.

அன்னையின் சந்நிதியில் விளக்கேற்றியவர்கள் அனைவரும் நம் முன்னோரே. திருவிழாவிற்கு வருகை தரும் மெய்யன்பர்கள், தம் இல்லத்து முதியோர் அருகில் ஒரு நாழிகை அமர்ந்து, "நீங்கள் எப்படி வந்தீர்கள்? இக்கட்டில் யார் துணை நின்றார்கள்?" என்று வினவுவார்களாக. அவர்கள் கூறும் பெயரை மறவாது எழுதிவைப்பார்களாக. அன்னை மாரியம்மன் திருவருள் அனைவர்க்கும் துணை நிற்பதாக!