மெனுவல் ஸ்போர்ட்ஸ் காரில் கியர் மாற்று விளக்கு எதற்கு?

இன்ஜின் சுழற்சி உச்சத்தை நெருங்கும்போது மீட்டரின் மேல் வரிசையாக எரிவதே கியர் மாற்று விளக்கு. மெனுவல் கியரில் மட்டுமே வரும் ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரில் இதைக் காணலாம். அதன் இன்ஜின் நிமிடத்திற்கு 6,500 சுழற்சியில் முழு சக்தியைத் தரும். 7,000-இல் சிவப்புக் கோடு. முதல் கியரில் முள் இந்த இடைவெளியை நொடியில் தாண்டிவிடும்.

மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரு வினாடி மீட்டரைப் பார்த்தால் கார் 30 மீட்டர் ஓடியிருக்கும். விளக்கோ ஓரக்கண்ணிலேயே தெரியும். செபாங் பந்தயத் தடத்தில் இது நல்ல உதவி. சிம்பாங் அம்பாட் சாலையில் அதற்கு வேலையே இல்லை. மூன்றாம் கியரில் விளக்கு முழுதாக எரிந்தால், நெடுஞ்சாலையின் 110 வரம்பையே மீறியிருப்பீர்கள்.

சாதாரண கார்களில் தெரியும் அம்புக்குறி வேறு. அது பெட்ரோலை மிச்சப்படுத்த, சீக்கிரமே கியரை ஏற்றச் சொல்வது.

ஒன்றை மறக்கக்கூடாது. ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு இறக்கும்போது கை தவறி இரண்டில் விழுந்தால், சக்கரங்களே இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றும். எரிபொருளைத் துண்டிக்கும் கட்டுப்பாடும் அதைத் தடுக்காது. வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜின் பாழாகலாம். விளக்கு எரிவதற்குள் காரியம் கெட்டிருக்கும். அங்கே காப்பது நிதானமான கை மட்டுமே.