அந்திக்கு வந்து சேர்ந்த வெளிச்சம்

சூரியன் மறைந்து கால் மணி நேரம் ஆன வானத்தைப் பின்னால் வைத்து ஒருவரைப் படம் எடுத்துப் பாருங்கள். வானத்தின் நீலம் வேண்டும் என்று கேமராவைச் சரிசெய்தால் முகம் கரிந்துபோகும். முகம் தெரிய வேண்டும் என்றால் வானம் வெளிறிவிடும். இந்த இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்துவைப்பது கையடக்கமான ஒரு ஃபிளாஷ். இருட்டை அடித்து விரட்டுவதற்காகப் பிறந்த கருவி அது. மிச்சமிருக்கும் வெளிச்சத்துக்கு இடம் விட்டு அதன் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொள்ள அதற்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

அதன் முதல் உடல் மெக்னீசியம். மத்தாப்பில் கண்ணைக் கூசவைக்கும் வெண்மைக்குக் காரணமாகும் உலோகங்களில் ஒன்று. 1859இல் வேதியியலாளர்களான புன்சனும் ராஸ்கோவும் இதன் சுடருக்குப் படம் பதிக்கும் வலு இருப்பதை எழுதினார்கள். 1864இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பிரதர்ஸ் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்தி டெர்பிஷயரின் புளூ ஜான் சுரங்கத்துக்குள் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே வானியலாளர் பியாஸ்ஸி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் அதைக் கொண்டுபோனார். சூரியன் எட்டியே பார்க்காத இடங்களுக்குத்தான் இந்த வெளிச்சம் முதலில் போனது. அந்தி நேரத்து முகத்தைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

1887இல் ஜெர்மனியில் மீத்தேயும் கெய்டிக்கேயும் மெக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்தார்கள். நின்று எரிந்த சுடர் ஒரே நொடியில் வெடிக்கும் பொடியானது. அந்தச் செய்தியைப் படித்த நியூயார்க் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், ஏழைகள் அடைந்துகிடந்த அறைகளுக்கு அதை எடுத்துப்போனார். 1890இல் வந்த அவருடைய நூல் அந்த நகரத்தையே உலுக்கியது. பார்வையற்றவர்கள் தங்கியிருந்த ஓர் அறையில் பொடி வெடித்துச் சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் பற்றிக்கொண்டதையும், தானே அடித்து அணைத்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். ரீஸின் படங்களில் மனிதர்கள் திடுக்கிட்டு விழிக்கிறார்கள். அவர் காட்டிய உண்மை பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த விழிப்பில் பாதி, கண்ணெதிரே வெடித்த பொடியின் வேலை.

காட்டுக்குள் ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கப் படக்காரர் இதே பொடியோடு படகில் போனார். இரவில் நீர் குடிக்க வந்த மான்களை அவர் எடுத்த படங்கள் உட்பட 74 படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் வெளியிட்டது. அவற்றில் மானைச் சுற்றிலும் கன்னங்கரிய இருட்டு. அன்றைய ஃபிளாஷுக்கு அது ஒன்றுதான் தெரியும்: கிட்டே இருப்பது வெளிச்சம், மற்றதெல்லாம் இருள்.

1929இல் வந்தது இரண்டாவது உடல்: சுடர் கண்ணாடிக்குள் போனது. ஜெர்மானியரான ஆஸ்டர்மையரின் வாகுபிளிட்ஸ் பல்பில் ஆக்ஸிஜனும் மெல்லிய அலுமினியத் தாளும் இருந்தன. புகையும் தீயும் ஒழிந்தன. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. எரிந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். பத்திரிகைப் படக்காரர்களின் காலம் அது.

பிறகு வந்தது மூன்றாவது உடல். இன்றுவரை அதுவே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1930களில், வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்னவைத்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய ராட்சத ஃபிளாஷ்கள் விமானத்தில் ஏறி, நார்மண்டிப் படையெடுப்புக்கு முந்தைய இரவில் கீழே இருந்த நிலத்தைப் படம் பிடித்தன. போர் முடிந்த பின் அதே தத்துவம் சுருங்கிக் கேமராவின் தலைமேல் உட்கார்ந்தது.

பேட்டரி போட்டு சுவிட்சைத் தட்டினால் உள்ளிருந்து 'கீ...' என்று மெல்லிய ஓசை ஏறும். பேட்டரியின் சில வோல்ட், ஏறத்தாழ 300 வோல்ட்டாகிக் கெப்பாசிட்டரில் நிரம்பும் ஓசை அது. சிவப்பு விளக்கு எரிந்தால் தயார். ஷட்டர் திறந்ததும் பல ஆயிரம் வோல்ட் கொண்ட ஒரு சிறு துடிப்பு குழாயைச் சுற்றி ஓடி உள்ளிருக்கும் ஸீனான் வாயுவுக்கு வழி திறந்துவிடுகிறது. தேங்கிய மின்சாரம் மொத்தமும் பாய்கிறது. முழுத் திறனில் அடித்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, அதையொட்டித்தான். திறனைக் குறைத்தால் இன்னும் குறுகும். நிறமோ நடுப்பகல் சூரியனையொட்டி, 5500 கெல்வின் அளவில். சட்டென்று வந்து மறையும் இந்தக் குணம்தான் அதை அந்திக்கு ஏற்றதாக்கியது.

எப்படி என்றால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷின் வெளிச்சம் அதே அளவுதான் உள்ளே வரும். வானத்தின் வெளிச்சமோ ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒரே படத்துக்கு இரண்டு திருகுகள் கிடைக்கின்றன. ஷட்டரைத் திருகினால் வானம் மாறும், முகம் மாறாது. ஃபிளாஷைக் கூட்டிக் குறைத்தால் முகம் மாறும், வானம் மாறாது. அந்திப் படத்தின் கலை மொத்தமும் இந்த ஒரு வரியில் அடக்கம். இதைப் புரிந்துகொண்டவர்கள் கையில்தான் ஃபிளாஷ் அடங்கி நடந்தது.

1990 முதல் 1992 வரை புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா லாஸ் ஏஞ்சலிஸின் சான்டா மோனிகா சாலையில் எடுத்த படங்களைப் பாருங்கள். கடைப் பலகைகளின் நிறமும் மங்கும் வானமும் அப்படியே இருக்க, நடுவில் ஒரு மனிதர் மேல் மட்டும் அளந்து ஊற்றினாற்போல் வெளிச்சம். 1992இல் நெதர்லாந்துக் கலைஞர் ரினேக்கே டைக்ஸ்ட்ரா போலந்தின் கோலோப்ஷெக் கடற்கரையில் ஒரு சிறுமியை நிற்கவைத்தார். பின்னால் கடலும் வானமும் ஒரு படி மங்கல், முன்னால் ஃபிளாஷ் தொட்ட உடல். ரீஸின் மனிதர்களைப் போல அவள் திடுக்கிடவில்லை. நின்று, நம்மைப் பார்க்கிறாள். ஃபிளாஷின் வாழ்க்கையில் இதை நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். மாமல்லபுரம் கரையில் கடலைப் பின்னால் வைத்து மணமக்களை எடுக்கும்போது சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கிவிடுகிறது. கிழக்கு வானத்தில் கீழே சாம்பல் நீலம் எழும்; அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று சில நிமிடம் தங்கும். அந்தச் சாம்பல் நீலம் பூமியின் நிழல். விவரம் தெரிந்த படக்காரர் முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு வானத்தை மட்டும் எடுப்பார். ஐஎஸ்ஓ 200, எஃப் 4, ஷட்டர் 1/200 என்று வைத்துக்கொள்வோம். வானம் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று அடர்த்தியாக விழ வேண்டும். பிறகு உதவியாளர் குச்சியில் மாட்டிய, ஃபிளாஷின் ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட் பாக்ஸை மணமக்களின் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே, படத்தில் விழாத அளவுக்கு நெருக்கமாகப் பிடிப்பார். ஃபிளாஷின் திறன் 1/8இல் தொடங்கும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தின் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் 1/100, 1/50, 1/25 என்று இறங்கும். ஃபிளாஷைத் தொடவே வேண்டாம். முகம் அதே முகம். அதற்கும் கீழே போனால் அசைவு பதிந்துவிடும். அப்போது ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கி ஃபிளாஷைப் பாதியாக்குவார்.

தலைகீழாகவும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் 1/200, 1/250க்கு மேல் போனால் ஷட்டரின் திரைகள் முழுவதும் திறப்பதில்லை. ஒரு கீற்றாக ஓடும். அந்த நேரம் ஃபிளாஷ் மின்னினால் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். நண்பகலில் பெரிய இடையூறு இது. அந்தியில் அந்த வேகமே தேவைப்படாது. இந்தக் கருவிக்கு இசைவான பொழுது அந்திதான் என்று சொல்ல இது இன்னொரு காரணம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீல வானத்தின் முன் வெறும் ஃபிளாஷ் சற்று ஒட்டாமல் நிற்கும். மெல்லிய ஆரஞ்சு ஜெல் தாளை முன்னால் ஒட்டினால் முகத்தில் சாய்ந்த வெயிலின் சூடு வரும். அடர்ந்த ஆரஞ்சு ஒட்டி, கேமராவின் வெண்சமநிலையை டங்ஸ்டனுக்கு மாற்றினால் முகம் இயல்பாகி வானம் ஆழ்நீலமாகும். பார்க்க வசீகரம். ஓர் ஆல்பத்தில் இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. கேமரா தலையில் மாட்டியபடியே நேராக, வேண்டியதற்கு மேல் திறன் வைத்து அடிப்பது. நெற்றி எண்ணெய்போல் மின்னும், பின்னால் கடல் காணாமல் போகும், மாநிறமும் கறுப்புமான நம் முகங்கள் வெளுத்து ஊர் பேர் தெரியாத நிறத்துக்குப் போகும். "பளிச்சுன்னு இருக்கணும்" என்று கேட்கும் உறவினர்களுக்கும் இதில் பங்குண்டு. கறுத்த தோலில் சிவப்பும் பொன்னும் இருக்கின்றன. வழக்கமான அளவைவிட ஒரு படி குறைத்து, பக்கவாட்டிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் அவற்றை அப்படியே காட்டும். நம் முகங்களை அழகாகக் காட்ட அவற்றை வெளுக்கத் தேவையில்லை.

லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைந்த பின் அந்தியின் நல்ல வெளிச்சம் முக்கால் மணி நேரம் வரை நிற்கும். சென்னையில் அது இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. மாதத்தைப் பொறுத்து அந்த இருபது நிமிடம் மாலை ஏறத்தாழ ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணிக்குள் எங்கோ வந்து போகிறது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் வரவேற்பு ஆறு அல்லது ஆறரை மணிக்கு என்று அச்சடிக்கிறார்கள். மணமக்கள் அப்போது அலங்கார அறையில் இருக்கிறார்கள், வெளியே வானம் தானாக வந்து போகிறது. கல்யாண வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அன்று சூரியன் மறையும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து, அலங்காரத்தை அதற்கு முன் முடிக்கச் சொல்லி, அந்த இருபது நிமிடத்தை உங்கள் படக்காரரிடம் கொடுங்கள்.