7.5, 3.14: பாலின அடையாளமும் எச்.ஐ.வி. இடரும் குறித்து ஒரு மறுவாசிப்பு

பாலின அடையாளமே எச்.ஐ.வி. இடரைக் கூட்டுகிறது என்று வாதிடுவோர் இந்தியாவைப் பொறுத்தவரை ஓர் அட்டவணையையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றனர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2014–15இல் நடத்திய உயிரியல், நடத்தைக் கண்காணிப்பு ஆய்வில், ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்களிடையே தொற்று 4.3 விழுக்காடு, திருநங்கையரிடையே 7.5. நடத்தை ஏறக்குறைய ஒன்று, அடையாளம் வேறு. ஆகவே வேறுபாட்டுக்கு அடையாளமே காரணம் என்கிறார்கள். அந்த அட்டவணை இவ்வளவு பாரம் தாங்காது.

2017இல் அதே அமைப்பின் சென்டினல் கண்காணிப்பு முதற்பிரிவுக்கு 2.69, இரண்டாவதற்கு 3.14 என்றது. இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகளில் திருநங்கையரிடையே தொற்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாக யாரும் நம்ப மாட்டார்கள்; எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. சிகிச்சை ஆயுளை நீட்டுவதால் தொற்றோடு வாழ்வோரின் விகிதம் அவ்வளவு வேகமாகக் குறையாது. மாறியது எண்ணிய முறை. முந்தைய ஆய்வு சந்திப்பிடங்களுக்கே போய் இடமும் நேரமும் பார்த்து ஆள் சேர்த்தது. பிந்தையது பெரும்பாலும் இடர் மிகுந்த குழுக்களுக்கான தடுப்புப் பணி செய்யும் டி.ஐ. திட்டங்களின் சேவையிடங்களுக்கு வந்தவர்களை வந்த வரிசையில் சேர்த்தது. ஆய்வுப் பகுதிகளும் ஒன்றல்ல என்பதால் எண்களை நேருக்கு நேர் நிறுத்தத் தயங்குகிறேன். ஆனால் விகிதத்தைப் பார்ப்பதில் தவறில்லை: 1.74 மடங்காக இருந்த இடைவெளி 1.17 ஆகச் சுருங்கியிருக்கிறது. அடையாளம் தன்னளவிலேயே இடரை உண்டாக்குமானால், ஆளைக் கண்டுபிடித்த வழி மாறியதும் அது ஏன் இப்படிக் கரைய வேண்டும்?

விடை பிரிவுகளின் வரையறையில் இருக்கிறது. முதற்பிரிவை வரையறுப்பது நடத்தை, இரண்டாவதை அடையாளம். ஒருவர் இரண்டுக்கும் பொருந்தலாம், பதிவேட்டில் ஒன்றில்தான் இருக்க முடியும். பகலில் பேன்ட் சட்டையோடு வேலைக்குப் போய், இரவில் சேலை உடுத்தும் கோத்தியை (பெண்தன்மையோடு நடப்பவர், உறவில் பெரும்பாலும் ஏற்பவர்) களப்பணியாளர் எந்தக் கட்டத்தில் குறிப்பார்? ஊரில் மனைவி மக்கள் இருந்தால் முதற்கட்டத்துக்குப் போகவே வாய்ப்பு அதிகம். திருநங்கையர் குழுவான ஜமாத்தில் சேலாவாகி (சீடராகி), கடைகளில் காசு கேட்டும் தந்தா (பாலியல் தொழில்) செய்தும் பிழைப்பவர் என்றால் இரண்டாவது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதும், வாடகைக்கு இடம் கிடைக்காததும், பாலியல் தொழிலும் அடையாளத்தின் பெயரில் இரண்டாம் வரிசைக்குள் நுழைந்துவிடுகின்றன. நடத்தை ஒன்று என்ற எடுகோளே இதனால் ஆட்டம் காண்கிறது.

குதவழி உறவில் ஏற்பவருக்கே ஆபத்து அதிகம், அதுவே இடைவெளிக்குக் காரணம் என்ற மறுப்பு வலுவானது. பாதுகாப்பற்ற பத்தாயிரம் உறவுகளுக்கு ஏற்பவருக்கு 138, எதிர்ப்பங்கினருக்கு 11 என்ற மதிப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் ஆண்கள் பிரிவிலும் டி.ஐ. திட்டங்கள் முதன்மையாகத் தேடியது கோத்திகளையும், இரு பங்கும் வகிக்கும் டபுள் டெக்கர்களையும்தான். எதிர்ப்பங்கினரான பந்திகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். ஏற்பவர்கள் இரு வரிசையிலும் நிறைந்திருக்க, அது மட்டும் இடைவெளியை எப்படி விளக்கும்? பதில் சொல்பவர்கள் உண்மையை மறைத்திருக்கலாம் என்பது எல்லாக் கள ஆய்வுக்கும் பொதுவான குறை. இங்கே அதற்குத் தனி இடம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை வேறு. பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சியாக்கிப் போலீஸ் பிடிக்கும் என்று அஞ்சி எடுத்துப்போகாத இரவுகள்; ஆணுறை வேண்டாம் என்று வாடிக்கையாளர் கூடுதலாக நீட்டும் பணம். இரண்டு ஆய்வுகளும், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நடப்பில் இருந்த காலத்தவை. அது 2018 செப்டம்பரில்தான் தளர்ந்தது. தொழில், குடியிருப்பு, போலீஸ் தொல்லை ஆகியவற்றை இரு பிரிவினரிடமும் ஒரே கேள்விகளால் பதிந்து, அவற்றைக் கணக்கில் கொண்டு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். அப்போது எஞ்சுவது சிறிதாகவே இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

இன்னொன்று: திருநம்பிகள் இவ்விரு வரிசையிலும் இல்லை. ஆணாகப் பிறந்தவர் என்று பதியப்பட்டோரை மட்டும் எண்ணிய அட்டவணையிலிருந்து பாலின அடையாளம் பற்றிப் பொதுவிதி வகுத்தவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பிலாவது சொல்லியிருக்கலாம்.